சட்டைய மட்டும் பொதச்ச பாட்டு

இல்ல சார். சட்டன்னா சட்டதான். ஒடம்பும் இல்ல, உயிரும் இல்ல. நீல கட்டம் போட்ட சட்ட, எம்.சி. ரோட்டுல தீவாளிக்கு எடுத்தது. மூணு தபா போட்டிருப்பேனா, அதுக்குள்ள அத்த கொண்டும்போயி மூலக்கொத்தளம் சுடுகாட்டுல பொதச்சிட்டானுங்க. டி.வி.ல அந்த கண்ணாடி போட்ட வாத்தியாரு பாட்டுக்கு இன்னா அர்த்தம் சொன்னாரு? சட்டதான் மனுசன் ஒடம்பாம், அத்த கயிட்டி போட்டுட்டு ஆத்துமா கெளம்பிடுச்சாம். எங்க சார் கெளம்புச்சி? அது பர்மா ஜெயில்ல கொசுக்கடில குந்தினு இருந்துச்சி.

குந்து சார், குந்து. மாஸ்டர், சாருக்கு ஒரு டீ. சக்கர கம்மியாவா? சக்கர கம்மியா போடு மாஸ்டர். வூட்டுக்கு அப்பால போலாம். இப்ப போனாலும் வேம்பு இருக்க மாட்டா. தண்டையார்பேட்டைல எக்ஸ்போர்ட்டு கம்பெனில காஜா அடிக்கிறா, நாலு மணிக்கிதான் வருவா. அவளாண்ட நீ இன்னா கேக்கணுமோ அத்த என்னாண்டயே கேளு. பாட்டுல வர்றதெல்லாம் மெய்யாலுமே நடந்ததான்னு, அத்ததான கேக்கப்போற? நான் சொல்றேன். செத்தவனே எதுருல குந்தினு கீறேன், செத்தவன் பொண்டாட்டிய இன்னாத்துக்கு பேஜார் பண்ற?

ஆமா சார், நான்தான். பாட்டுல பேரு வர்ற அந்த சின்னப்பையன் நான்தான். பாட்டுல கேட்டா பெரிய ஆளு மாரி இருப்பான், நேருல பாத்தா இவ்ளோதானான்னு தோணுதில்ல? எல்லாருக்கும் அப்டிதான் தோணுது. எங்க ஏரியால ஒரு கெழவி, பச்சையம்மான்னு பேரு, எங்க பிளாக்குல எழவு வுழுந்தா முன்ன நின்னு எல்லாத்தையும் பாக்குறது அதான், என் மூஞ்சிக்கு நேரா சொல்லிச்சி. செத்தப்ப எம்மாம் நல்லவனா இருந்த சின்னப்பையா, உசுரோட வந்து இப்டி ஆயிட்டியே டா, அப்டின்னு.

சிரிக்கிற. சிரி சிரி.

பாட்ட பாடன பீம்ராவ நீ பாத்துட்டியா? நேத்தே பாத்துட்டியா. அதான பாத்தேன், மொதல்ல அங்கதான போவீங்க. இன்னா சொன்னான்? எல்லாம் என் தோஸ்து சின்னப்பையன் பெருமதான்னு சொன்னானா? சொல்லுவான். மேடைக்கு மேடை அத்ததான் சொல்றான். கூலிங் கிளாஸு போட்டிருந்தானா? வூட்டுக்குள்ளயுமா? அடப்பாவி. சார், அவன் மீன்பாடி வண்டி மிதிச்சவன் சார். இந்த காசிமேட்டுல இருந்து கொருக்குப்பேட்ட வரைக்கும் கூடைங்கள ஏத்திகினு தாவு தீர மிதிப்பான். ஒரே பிளாக்கு நாங்க, வியாசர்பாடில. அவன் மாடி, நான் கீழ. சாவு வூட்ல பாடுவான். அவன் தொண்டைல இன்னாமோ தேன ஊத்தி வச்ச மாரி நீங்க எழுதறீங்க பாரு, எனக்கு வயிறு எரியுது. கரகரன்னு இருக்கும் சார் அவன் கொரலு. பீடி கொரலு. பின்னாடி அந்த பாய் வூட்டு பசங்க கிட்டாரு அடிச்சி, டிரம்மு அடிச்சி தூக்கி வுட்டானுங்க. அது பேரு இன்னா, ஃபோக் ராக்கா? சரி, ராக்கு. எங்காண்ட அதுக்கு பேரு சாவு கானா.

பொறாமையா? ஆமா சார், பொறாமதான். இதுல மறைக்க இன்னா கீது? நான் ஐஸ் தூக்கிகினு கீறேன், அவன் சிங்கப்பூரு போய்ட்டு வரான். எங்க ஐஸ் கம்பெனி மொதலாளிக்கு போன் போட்டா, எனக்கே என் சாவு பாட்ட போட்டு காட்டுது, காலர் டியூனாம். லீவு கேக்க போன் போட்டேன் சார் அன்னிக்கி. என் எழவ முழுசா கேட்டு முடிச்ச அப்பாலதான் அந்தாளு அல்லோன்னான்.

சரி, கதைக்கு வரேன். தொண்ணூத்தேழு கடசில. நான் கடலுக்கு போறவன் இல்ல. அப்பவும் இதே வேலதான், லாஞ்சிக்கு ஐஸ் ஒடச்சி போடறது. அன்னிக்கி ஒரு லாஞ்சில சமையலுக்கு வர்ற ஆளு வர்ல. பத்து நாளு வரியான்னாங்க. வேம்புவாண்ட சொல்லாம ஏறிட்டேன். ஆமா, சொல்லல. பொண்ணுக்கு அப்ப ரெண்டு வயசு. சண்ட போட்டுட்டு வந்திருந்தேன், அந்த ராங்குல ஏறிட்டேன். நாலாம் நாளு புயலு, இஞ்சினு பூட்ச்சி. எத்தினி நாளு மெதந்தோம்னு கணக்கு வுட்டுப்போச்சி. பச்ச மீன தின்னுகினு மெதந்தோம். பர்மாக்காரன் கப்பலு புட்ச்சிகினு போயி ஜெயில்ல போட்டான். பதினோரு மாசம். அவன் பேசறது நமக்கு புரில, நாம பேசறது அவனுக்கு புரில. லெட்டர் போட்டோம் சார், எங்க போச்சோ.

இங்க நாப்பது நாளு பாத்திருக்காங்க. லாஞ்சி மொதலாளி கைய விரிச்சிட்டான். பொணம் இல்ல, ஒன்னும் இல்ல. இப்டியே வுட்டா ஊருக்குள்ள ஆவி சுத்தும்னு பெருசுங்க சொல்லி, என் சட்டைய ஒரு பொட்டில வச்சி, பந்தலு போட்டு, பூ போட்டு, மூலக்கொத்தளத்துக்கு தூக்கிகினு போயிருக்காங்க. அன்னிக்கி பந்தல்ல பாடனதுதான் சார் இந்த பாட்டு. அப்ப கிட்டாரும் இல்ல, ஒன்னும் இல்ல. ஒரு டோலக்கு, அவ்ளோதான்.

சட்டைய மட்டும் பொதச்சிட்டோம் சின்னப்பையா, நீ
மாட்டிகினு போவ இன்னா வச்சிகீற சின்னப்பையா.

இதுல எங்க சார் தத்துவம் கீது? இருந்த ஒரே நல்ல சட்டய பொதச்சிட்டோமே, இவன் மேல போறப்ப வெத்து ஒடம்போட போவானேன்னு கவலப்படறான். அதான் அர்த்தம். இங்கிலீஷு பேப்பர்ல தொறமொகத்து தொழிலாளி போராட்டம்னு போட்டிருந்தான்னு ஒவைஸு சொன்னான். ஒவைஸுதான் அந்த கிட்டாரு பையன், பழைய வண்ணாரப்பேட்டைல அவங்கப்பாவுக்கு பாத்திரக்கட கீது. இஞ்சினீரு படிச்சவன். நல்ல பையன், அவன் மேல எனக்கு கோவம் இல்ல. ஒரு சாவுல பீம்ராவு பாடறத கேட்டுட்டு வந்து, இந்த பாட்ட குடுண்ணான்னு நாலு மாசம் சுத்துனான். மொத தடவ சி.டி. போட்டப்ப எனக்கு பிரியாணி வாங்கியாந்து குடுத்து, உங்க பேரு இருக்கலாமாண்ணான்னு கேட்டான். உசுரோட கீற மனுசன செத்தவன்னு பாடறோமேன்னு அவனுக்கு பயம். இருந்துட்டு போட்டும் டான்னேன். அப்ப எனக்கு பெரும சார். பாட்டுல பேரு வருதுன்னு பெரும.

நான் திரும்பி வந்தத சொல்லலியே. பர்மாக்காரன் வுட்ட அப்பால கல்கத்தால இருந்து ரயிலு. சென்ட்ரல்ல எறங்கி நடந்தே வரேன், கைல நயா பைசா இல்ல. தாடி, மீச, ஒரு லுங்கி, எவனோ குடுத்த பனியனு. ஏரியா உள்ள நொழஞ்சா ஆட்டோ ஸ்டாண்டுல நாலு பேரு வண்டி மேல தாளம் போட்டுகினு பாடறானுங்க. நின்னு கேட்டேன். யாரோ செத்துட்டான், ரொம்ப நல்லவனாம். நெறமாச வவுத்துக்காரிய வண்டில குந்த வச்சி, முட்டி தண்ணில மிதிச்சிகினு ஆஸ்பத்திரி சேத்தானாம். பொண்டாட்டி செருப்பு அறுந்தா, அவளுக்கே தெரியாம தச்சி வாசல்ல வச்சிட்டு போவானாம். தண்ணி லாரி வந்தா பொம்பளைங்க வரிசைல கொடத்த தூக்கிகினு நிப்பானாம், ஊரு சிரிச்சாலும் நிப்பானாம். அதட்டி ஒரு வார்த்த பேசாதவனாம்.

முட்டித் தண்ணில வண்டி மிதிச்ச காலு, இன்னிக்கி
முழுக் கடலு தண்ணில எத்த மிதிக்குது கூறு.

எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சி சார். எவன்டா இந்த புண்ணியவான், நம்ம ஏரியால எனக்கு தெரியாம இப்டி ஒருத்தனான்னு நெனச்சேன். அப்பால சின்னப்பையான்னு வருது. ரெண்டு தபா வருது. நம்ம பேருலயே இன்னொருத்தன் கீறான் போலன்னு நெனச்சேனே தவிர, நான்னு தோணவே இல்ல. ஏன் தோணப்போவுது? அதுல நான் செஞ்சது ஒன்னு கூட இல்ல.

ஆங், அத்ததான் சொல்றேன். ஒன்னு கூட இல்ல. ஆனா அப்ப அது பெருசா தெரில. செத்தவன பத்தி நாலு நல்லது சேத்து பாடறதுதான சார் வழக்கம்? குடிகாரன் செத்தா கொடைவள்ளல்னு பாடுவான். பொண்டாட்டிய அடிச்சவன் செத்தா பூ மாரி வச்சிகினான்னு பாடுவான். எழவு வூட்ல யாரும் நெசம் கேக்க மாட்டாங்க. வேம்புவாண்ட சிரிச்சிகினே கேட்டேன், இன்னாடி எனக்கு இம்மாம் பெரிய பீலா வுட்டுகீறான்னு. அவ பொண்ணுக்கு தல சீவிகினு இருந்தா. செத்தவங்களுக்கு சொல்றதுதான அப்டின்னா. அதோட வுட்டுட்டேன்.

ஆனா ஏரியா வுடல சார். நான் கொஞ்சம் சவுண்டா பேசனா போதும், பாட்டுல அதட்டாதவன்னு வருது, நீ இன்னா கொரல ஒசத்தறன்றாங்க. சரக்கு அட்ச்சிட்டு வந்தா, சின்னப்பையன் பேர கெடுக்காத டான்றாங்க. என் பேர நானே கெடுக்கறனாம். செத்துப்போன என்ன கண்டா எனக்கே ஆவாம போச்சி. அவன் மாரி இருந்து பாப்போம்னு கூட பாத்தேன் சார். மெய்யாலும். கொடத்த தூக்கிகினு லாரிக்கு போய் நின்னேன். பொம்பளைங்க சிரிச்சாங்க, பாதில வந்துட்டேன். ஒரு நாளு வேம்பு செருப்பு வாரு அறுந்துச்சி. ஊசி வாங்கியாந்து, வெரல்ல குத்திகினு, ரத்தத்தோட தச்சி வாசல்ல வச்சேன். அவ பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்பால அத்த போடாம பழைய ரப்பர் செருப்ப மாட்டிகினு வேலைக்கி பூட்டா. ஏன்னு எனக்கு வெளங்கல. வெளங்காததுக்கு ரெண்டு கெட்ட வார்த்த திட்டனேன்.

ரேடியோல அந்த பாட்டு வந்தா அவ ஆஃப் பண்ணிடுவா. இத்த யார்னா உன்னாண்ட சொல்லியிருப்பாங்களே? சொல்லிட்டாங்களா. ஆமா, எல்லாரும் அத்ததான் சொல்வாங்க. புருசன் சாவு பாட்டு, எப்டி தாங்குவான்னு. நானும் பக்கத்துல ஜம்முனு குந்தினு இருப்பேன், எம்மேல எம்மாம் பாசம் பாருன்னு.

இன்னொரு டீ சொல்லட்டா? வோணாமா. மணி இன்னா? மூணா. ம்.

பீம்ராவு எங்க வூட்டுக்கு வர்றதில்ல. நான் வந்த அன்னிக்கி வந்தான். கட்டிப்புட்ச்சிகினு அழுதான், மூக்கெல்லாம் ஒழுவ அழுதான். அதுதான் கடசி. இந்த ஒம்போது வருசத்துல எங்க வாசப்படி மிதிக்கல. பெரிய ஆளு ஆயிட்டான், அதான் வர்லன்னு நான் நாலு பேராண்ட சொல்லிகினு இருந்தேன். ஆனா சி.டி. வந்தது அப்பால சார், அதுக்கு அஞ்சாறு வருசம் அப்பால. அதுக்கும் முன்னாடியே அவன் வர்றத நிறுத்திட்டான். மாடிய வுட்டு வேற பிளாக்குக்கு பூட்டான். கல்யாணம் கட்டல. கேட்டா பாட்டுதான் பொண்டாட்டின்றான். உன்னாண்டயும் சொன்னானா? எழுதிகினியா? நல்லா எழுதுவீங்க நீங்க.

சார், அந்த டேப்ப கொஞ்சம் நிறுத்து. செவப்பு லைட்டு எரியுது பாரு, அத்த அமுக்கு. ஆச்சா?

சாவு கானா எப்டி கட்றாங்கன்னு உனக்கு தெரியுமா? பாடறவன் வந்த ஒடனே பாட மாட்டான். வூட்டாளுங்கள தனியா ஒரு பக்கம் குந்த வச்சி கேப்பான். பேரு இன்னா, பொண்டாட்டி பேரு இன்னா, புள்ளைங்க எத்தினி, இன்னா வேல, எத்த புட்ச்சி சாப்டுவான், யாருக்கு இன்னா நல்லது செஞ்சான். எல்லாத்தயும் ஒரு சிகரெட்டு அட்டைல குறிச்சிகினு, அப்பாலதான் டோலக்கு பக்கமே வருவான். சொந்த அண்ணன் தம்பி செத்தா கூட கேட்டுதான் பாடுவான். அதான் மொற. வூட்டுக்காரங்க வாயில இருந்து வரணும்.

போன வருசம் ஒரு எழவுல பச்சையம்மாவும் நானும் குந்தினு இருந்தோம். அங்க பாட வந்த ஒரு பையன் அட்டைய வச்சிகினு கேட்டுகினு இருந்தான். அத்த பாத்துட்டு பச்சையம்மா சொல்லுது, உன் எழவுக்கு பீம்ராவு ஒரு வார்த்த கேக்கல டா. வேம்பு பக்கமே திரும்பல. கண்ண மூடனான், பாடனான். தோஸ்தாச்சே, எல்லாம் தெரியும்னு நாங்களும் வுட்டுட்டோம். ஆனா ஒன்னு டா, அந்த மழைல மிதிச்சது அவன்தான, அத்த போயி உன் பேர்ல போட்டுட்டான் பாரு, எம்மாம் மனசு அவனுக்கு. அப்டின்னுச்சி. வெத்தல போட்டுகினே சொல்லிச்சி சார். அதுக்கு அது ஒரு பெரிய விசயமே இல்ல.

எந்த மழைன்னேன். உன் பொண்ணு பொறந்த மழதான், மத்தியானம் வலி எடுத்துச்சி, ஆட்டோ ஒன்னும் வர்ல, ஜீவா ஸ்டேஷனாண்ட முட்டிக்கு மேல தண்ணி, பீம்ராவு கூடைங்கள தூக்கி எறிஞ்சிட்டு வண்டிய எடுத்தாந்தான், நான்தான் பின்னாடி குந்தினு அவள புட்ச்சிகினு போனேன்னுச்சி. வழி பூரா அவன் ஏதோ கோமாளி பாட்டு பாடிகினே மிதிச்சானாம். வலியிலயும் அவ சிரிச்சாளாம்.

நான் அன்னிக்கி எண்ணூர்ல சீட்டாடிகினு இருந்தேன் சார். மறுநாளுதான் ஆஸ்பத்திரி போனேன். எப்டி வந்தேன்னு கேட்டேன், வண்டிலன்னா. ஆட்டோன்னு நெனச்சிகினேன். எவன் வண்டின்னு நான் கேக்கல.

செருப்பும் அவன்தான். தண்ணி கொடமும் அவன்தான். அப்பால ஒன்னொன்னா விசாரிச்சிட்டேன், விசாரிக்காம இருந்திருக்கலாம். இத்தினி வருசமா பாட்டு பொய்யின்னு நெனச்சி சிரிச்சிகினு இருந்தேன். பொய்யா இருந்தா தேவல சார். அதுல ஒரு வார்த்த பொய் இல்ல, ஆளுதான் வேற. ஊரு மொத்தமும் பந்தல்ல குந்தியிருக்க, என் பொட்டி முன்னாடி நின்னுகினு, அவன் அவகிட்ட சொல்லிகீறான். அவளுக்கு மட்டும்தான் புரிஞ்சிகீது. அது என் சாவு பாட்டே இல்ல.

தப்பா நெனக்காத. அவங்க ரெண்டு பேரும் ஒரு தப்பும் பண்ணல. அது எனக்கு தெரியும், எங்க ஏரியால ஒரு சொவுத்துல பல்லி ஓடனா கூட மறைக்க முடியாது. தப்பு பண்ணியிருந்தா நல்லாருந்திருக்கும் சார். கத்திய எடுத்துகினு போயிருப்பேன், இன்னா, ஒரு வழி ஆயிருக்கும். இவன நான் இன்னான்னு கேக்கறது? ஏன்டா என் பொண்டாட்டிய ஆஸ்பத்திரில சேத்தன்னா? நான் செத்துட்டேன்னு நம்புன அன்னிக்கி கூட அவன் பேர அவன் போட்டுக்கல. அத்தினியும் எனக்கு குடுத்துட்டான். இன்னிக்கி வரைக்கும் மேடைல எனக்கேதான் குடுத்துகினு கீறான். அத்ததான் என்னால தாங்க முடில. வாங்கிகினு சிரிக்கவும் முடில, தூக்கி அடிக்கவும் முடில.

பொண்ணு ஏழாவது படிக்குது சார். சங்கமித்ரா. இஸ்கூலுல எங்கப்பாதான் அந்த பாட்டுல வர்றவரு, நான் பொறக்கறப்ப எங்கப்பா தண்ணில வண்டி மிதிச்சாருன்னு சொல்லி வச்சிகீது. டீச்சரு எல்லாரயும் கை தட்ட சொன்னாங்களாம். உங்க புக்கு வந்தா வாங்கியாந்து குடுன்னு காலைல கூட சொல்லிச்சி.

அதான் சார் உன்ன இங்கியே குந்த வச்சேன். நீ போயி வேம்புவாண்ட, பாட்டுல வர்றதெல்லாம் நடந்ததாம்மான்னு கேட்டா, அவ ஆமான்னுவா. அவளுக்கு பொய் வராது. யாரு மிதிச்சாங்கன்னு நீ அடுத்து கேப்ப. இத்தினி வருசமா அவள யாரும் அத்த கேக்கல சார். நானும் கேக்கல. கேட்டா சொல்லிடுவா.

இன்னா யோசிக்கிற? எழுதறவன், உனக்கு நெசம் வோணும். நெசத்த சொல்ட்டேனே. முன்ன டேப்புல ஒன்னு கூட இல்லன்னு சொன்னேன் பாரு, அத்த அழிச்சிட்டு இப்ப மறுபடி போடு. போடு சார், உன் கால்ல வேணா வுழுறேன். போட்டுட்டியா? லைட்டு எரியுதா?

கேளு சார். மழன்னா உன் வூட்டு மழ எங்க வூட்டு மழ இல்ல. ஜீவா ஸ்டேஷனாண்ட முட்டிக்கு மேல தண்ணி. ஆட்டோ ஒன்னும் வர்ல. கூடைங்கள தூக்கி எறிஞ்சிட்டு வண்டிய எடுத்தாந்தேன். ஆமா சார், மீன்பாடி வண்டிதான். எனக்கு மிதிக்க வருமாவா? வரும் சார், வரும். பின்னாடி அவ வலில துடிக்கிறா. நான் ஏதோ கோமாளி பாட்டு பாடிகினே மிதிக்கிறேன். நடுவுல ஒரு தபா திரும்பி பாத்தேன். அவ்ளோ வலியிலயும் சிரிச்சா சார் அவ. என்ன பாத்துதான். என்ன பாத்து சிரிச்சான்னு எழுதிக்கோ.